வதை ஒரு வழியா?

"ஒருபுறம் ஓராயிரம் உயிர்கள். மறுபுறம் ஒரே ஓர் ஆள். அவனும் குண்டு வைத்தவன். குண்டு எங்கே என்பது அவனுக்குத் தெரியும். வாய் திறக்க மறுக்கிறான். மணித்துளிகள் ஓடுகின்றன. அவனை அடித்து, சுட்டு, துடிக்க வைத்துக் கேட்டால் ஆயிரவர் பிழைப்பர். கேட்கலாமா, கூடாதா?"

நமது படிப்பகத்திலே, 'அல்ஜியர்சுப் போர்' என்ற படத்தைத் திரையிட்டு முடித்த இரவிலே, ஒரு மாணவன் எழுந்து கேட்டான் இதை. கேட்டவன் கொடியவன் அல்லன். எறும்பை மிதிக்கவும் தயங்கும் பிள்ளை. கண்ணிலே கலக்கத்தோடு கேட்டான். பகுத்தறிவு என்பது எண்ணிப் பார்ப்பதுதானே? எண்ணிப் பார்த்தால் ஆயிரம் பெரிதா, ஒன்று பெரிதா?

நாம் ஏதோ சொன்னோம். அறம் என்றோம், மனிதம் என்றோம். அவன் முகம் தெளியவில்லை. உண்மையைச் சொல்வதானால், நம் மனமும் தெளியவில்லை. சொற்கள் இருந்தன, விடை இல்லை. அன்றிரவு சொல்லத் தவறிய விடையைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம். அதற்காக ஒரு புதினம், ஒரு சிறுநூல், ஒரு திரைப்படம் ஆகிய மூன்றை எடுத்துக்கொள்கிறோம். மூன்றும் பிறந்த களம் ஒன்றே: 1954 முதல் 1962 வரை விடுதலைக்குப் போராடிய அல்ஜீரியா.

புதினம் புனைந்த குண்டு

மாணவன் கேட்ட கேள்வி வானத்திலிருந்து விழுந்ததன்று. அதை ஊரறியச் செய்தவருள் முதன்மையானவர் ழான் லார்தெகி என்ற பிரெஞ்சு எழுத்தாளர். 1960-இல் அவர் எழுதிய 'நூற்றுவர் தலைவர்கள்' என்ற புதினம் பிரான்சிலே பெருவாரியாக விற்றது. 1966-இல் ஹாலிவுட் அதைப் படமாக்கிற்று. ஆண்டனி குயின் நடித்தார். அந்தப் புதினத்திலே ஒரு கட்டம். அராபியப் பல் மருத்துவர் ஒருவர் பிடிபடுகிறார். கடைகளிலே குண்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன, விடிந்தால் வெடிக்கும். பண்பும் பரம்பரைப் பெருமையும் மிக்க படைத்தலைவன், மனம் நொந்தபடியே, கைவைக்கிறான். மருத்துவர் சொல்லிவிடுகிறார். குண்டுகள் வெடிக்கவில்லை. ஊர் பிழைக்கிறது.

படிப்பவன் பெருமூச்சு விடுகிறான். "வேறென்ன செய்ய முடியும்?" என்கிறான்.

தோழர்களே! இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். படைத்தலைவனுக்கு எவையெவை தெரிந்திருக்கின்றன, பாருங்கள். குண்டு இருப்பது தெரியும். பிடிபட்டவனே அதை அறிந்தவன் என்பது தெரியும். அடித்தால் சொல்வான், சொல்வது பொய்யாக இராது, சொன்ன பிறகு போய் எடுக்க நேரமும் இருக்கும் என்பவை தெரியும். இத்தனையும் அறிந்தவன் யார்? படைத்தலைவனா? இல்லை, புதினம் எழுதியவர்! கதையின் முடிவைக் கையிலே வைத்துக்கொண்டிருக்கும் அவர், அந்த முற்றறிவை எடுத்துத் தம் பாத்திரத்தின் தலையிலே வைக்கிறார். முற்றுமறிந்த ஒருவன் உண்டு என்று பூசாரி சொன்னால் சான்று கேட்கிறோம். சீருடை அணிந்தவன் முற்றுமறிந்தவன் என்று எழுத்தாளர் சொன்னால் மட்டும் சான்று கேட்காமல் விடுவதா?

லார்தெகியின் எழுத்திலே விறுவிறுப்பு உண்டு. போர்க்களம் கண்டவரின் கூர்மை உண்டு. மறுக்கவில்லை. ஆனால், வாசகனை ஓர் அறையிலே பூட்டிவிட்டு, ஒரே ஒரு கதவைத் திறந்து வைத்து, "எந்தக் கதவு வழியாகப் போவாய்?" என்று கேட்கிற எழுத்து அது.

அறையிலே நடந்தது

புதினக்காரர் கற்பனை செய்த அறைக்குள்ளே உண்மையாகவே கிடந்தவர் எழுதிய நூல் ஒன்று உண்டு. ஆன்றி அலெக் எழுதியது. பிரெஞ்சு மொழியிலே அதன் பெயர் 'கேள்வி'.

அலெக், அல்ஜியர்சில் வெளிவந்த ஓர் இடதுசாரி நாளேட்டின் ஆசிரியர். 1955-இல் ஏடு தடை செய்யப்பட்டது. பிறகு தலைமறைவானார். 1957 ஜூன் 12-ஆம் நாள், தம் நண்பர் மொரீசு ஒதான் வீட்டுக்குச் சென்றபோது, அங்கே பதுங்கிக் காத்திருந்த வான்குடைப் படையினர் அவரைப் பிடித்தனர். ஒதான் கணிதத்துறை ஆசிரியர், வயது 25. அவரை முதல் நாளே பிடித்துச் சென்றிருந்தனர்.

எல் பியார் என்ற புறநகரிலே, கட்டி முடியாத ஒரு கட்டடம். அங்கே ஒரு மாத காலம் அலெக்குக்கு நேர்ந்தவற்றை அடுக்க நாம் விரும்பவில்லை. களத் தொலைபேசிக்கு மின்சாரம் தரும் சிறு பொறி, தண்ணீர்க் குழாய், தீப்பந்தம், மனத்தை மயக்கும் ஊசிமருந்து என்று பெயர்களை மட்டும் சொன்னால் போதும். சிறையிலிருந்து வழக்கறிஞர் வாயிலாகத் தாள் தாளாக வெளியே வந்த அந்த எழுத்து, 1958 பிப்ரவரியிலே பாரீசில் நூலாயிற்று. மார்ச்சு இறுதியிலே அரசு அதைப் பறிமுதல் செய்தது. அதற்குள் பல்லாயிரம் படிகள் விற்றுவிட்டன. பறிமுதலுக்குப் பிறகும் கைக்குக் கை மாறிப் பரவிற்று.

இந்த நூலை நாம் போற்றுவது, அது கண்ணீரைப் பிழிகிறது என்பதற்காக அன்று. பிழியவே இல்லை. உரத்த சொல் ஒன்று இல்லை; அடைமொழி அலங்காரம் இல்லை. எந்நாள், எந்த அறை, யார் நின்றார், என்ன கேட்டார், என்ன செய்தார் என்று ஒரு நல்ல செய்தியாளன் எழுதுவதுபோல் எழுதுகிறார். தம்மைப் பற்றிப் பேசுவதற்கே கூசுகிறார். பெயர் தெரியாத அல்ஜீரியர் எத்தனையோ பேர் அதே கூரையின் கீழ் இதைவிடக் கொடியவற்றைப் பட்டார்கள் என்பதை மறவாமல் எழுதுகிறார். அந்த அடக்கமே நூலின் ஆற்றல்.

ஆனால், நம் ஆய்வுக்கு வேண்டியது வேறொன்று. அந்த ஒரு மாதமும் அவர்கள் அலெக்கிடம் கேட்டது என்ன? நூல் முழுவதும் தேடிப் பாருங்கள். "குண்டு எங்கே?" என்பதா? இல்லை! "தலைமறைவாக இருந்தபோது உனக்கு இடம் கொடுத்தவன் யார்?" என்பதுதான். யார் வீட்டிலே உறங்கினாய், யார் சோறு போட்டார்கள், பெயரைச் சொல் என்பதுதான்!

எங்கே போயிற்று அந்தக் குண்டு? எங்கே போயினர் அந்த ஆயிரவர்? புதினத்தின் வாசலிலே 'உயிர் காக்க' என்று எழுதியிருந்தது. அறைக்குள்ளே போய்ப் பார்த்தால், ஓர் ஏட்டாசிரியருக்குப் படுக்க இடம் தந்த நண்பனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அலெக் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

நூலின் பெயரிலேயும் ஒரு கூர்மை இருக்கிறது. பழைய பிரான்சிலே, மன்னராட்சிக் காலத்திலே, வழக்கு மன்றங்கள் குற்றம் சாட்டப்பட்டவனை வதைத்து வாக்குமூலம் வாங்கின. அந்த வதைக்குச் சட்டம் வைத்திருந்த பெயர் 'கேள்வி' என்பதே. இத்தாலியப் பேரறிஞர் பெக்காரியா 1764-இல், வலியைத் தாங்கும் வன்மையுள்ள குற்றவாளி தப்புவான், தாங்க மாட்டாத குற்றமற்றவன் சாவான், இதுவா நீதி என்று கேட்டு அந்த முறையின் அடித்தளத்தையே ஆட்டினார். பிரான்சு 1780-களில் அதைப் படிப்படியாக ஒழித்தது. ஒழித்ததாகப் பெருமை பேசிய குடியரசின் முகத்திலே, அதே சொல்லை நூற்பெயராக எழுதி நீட்டினார் அலெக். நமக்கோ கேள்வி என்றால் செவிச்செல்வம். வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார் அதற்கு. ஒரு மொழியிலே கற்றலுக்கு நிற்கும் சொல், இன்னொரு மொழியிலே கதறலுக்கு நின்றிருக்கிறது.

இந்நூலுக்கு ஒரு முன்னுரைபோல் அமைந்தது சார்த்தரின் கட்டுரை. 15 ஆண்டுகளுக்கு முன் செருமானிய நாசிகளின் அறைகளிலே பிரெஞ்சுக்காரர் கதறினரே, இன்று அல்ஜியர்சின் அறைகளிலே கதற வைப்பவர் நாமல்லவா என்று தம் மக்களையே கூண்டிலே ஏற்றினார். கட்டுரை வெளியான வார ஏட்டையும் அரசு பறித்துக்கொண்டது.

ஒதான்? அவர் மீளவே இல்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது படை. அவருடைய முனைவர் பட்ட ஆய்வை, ஆய்வாளர் இல்லாமலேயே, 1957 டிசம்பரில் பாரீசுப் பல்கலைக்கழகத்திலே ஏற்றுப் பட்டம் அளித்தனர் அறிஞர். அவர் சாவுக்கு அரசே பொறுப்பு என்று பிரான்சின் குடியரசுத் தலைவர் ஒப்புக்கொண்டது 2018 செப்டம்பரில். 61 ஆண்டுகள்! வதைக்கிற அரசு வாய்மையைப் பிறரிடமிருந்து ஒரே இரவிலே பிடுங்கத் துடிக்கிறது. தன் வாயிலிருந்து வாய்மை வெளிவர அறுபதாண்டு எடுத்துக்கொள்கிறது.

திரையிலே தெரிவதும் மறைவதும்

இனி, நம் படிப்பகத்திலே நாம் கண்ட படம். கில்லோ பொந்தெகோர்வோ இயக்கி, 1966-இல் வெனிசு விழாவிலே தங்கச் சிங்கம் பெற்றது. செய்திப் படச் சுருளிலிருந்து ஓரடி நீளம்கூட எடுத்துச் சேர்க்கப்படவில்லை. ஆயினும் ஒவ்வொரு காட்சியும் செய்திப் படம் போலவே தோன்றுகிறது. போராட்டத்தை நடத்திய தலைவர்களுள் ஒருவரான யாசெப் சாதியே ஒரு பாத்திரமாக நடித்தார்.

இந்தப் படத்தின் முதற்பெருமை அதன் நேர்மை. விடுதலைப் போருக்கு ஆதரவான படந்தான். ஆனால் விடுதலை வீரர் வைத்த குண்டுக்கு இரையானவரை மறைக்கவில்லை. பெண்கள் மூவர் கூடையிலே குண்டு எடுத்துச் செல்கின்றனர். உணவுவிடுதியிலே படக்கருவி முகம் முகமாக நகர்கிறது. ஆடும் இளைஞர், அரட்டை அடிக்கும் முதியோர், பனிக்கூழ் நக்கும் குழந்தை. அடுத்த நொடி, புகை. நம் தரப்புச் செயல் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதே என்கிறது படம். கொள்கைக்காகக் கலை செய்வோர் கற்க வேண்டிய பாடம் இது.

படைத்தலைவன் மத்தியூ பாத்திரமும் அத்தகையதே. அரக்கனாக வரையவில்லை அவனை. அறிவாளி, நாசிகளை எதிர்த்துப் போராடியவன். செய்தியாளர் வதையைப் பற்றிக் கேட்கும்போது, அவன் மறுப்பதில்லை, மழுப்புவதில்லை. பிரான்சு இங்கே இருக்க வேண்டுமா, வேண்டாமா, அதை முதலில் சொல்லுங்கள் என்று கேள்வியைத் திருப்பிவிடுகிறான். இருக்க வேண்டும் என்றால் விளைவுகளையும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறான். அவனை அறியாமலே ஓர் உண்மையை உளறிவிடுகிறான் அங்கே. வதை நடப்பது ஆயிரம் உயிரைக் காக்க அன்று; ஆட்சியைக் காக்க!

அவ்வளவு சிறப்பிருந்தும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியவில்லை. வதை வெற்றி தந்தது என்ற எண்ணத்தோடுதான் பார்ப்பவன் எழுந்து போகிறான். படம் தொடங்குவதே, வதைபட்டு உருக்குலைந்த முதியவர் ஒருவர் அலியின் மறைவிடத்தைச் சொல்லிவிட்ட காட்சியில்தான். மத்தியூ கரும்பலகையிலே முக்கோணம் முக்கோணமாக வரைந்த அமைப்பு, கடைசியிலே வெட்டுண்டு விழுகிறது. ஆனால், கஸ்பா என்ற அந்தப் பழைய நகர்ப் பகுதியை வீடு வீடாகக் கணக்கெடுத்து எண்ணிட்டதும், தெருவெங்கும் சோதனைச் சாவடி போட்டதும், இயக்கத்துக்குள்ளேயே ஆள்காட்டிகளைப் புகுத்தியதும் செய்த வேலையை, 'சித்திரவதையும் மக்களாட்சியும்' என்ற பெருநூலிலே டேரியஸ் ரெஜாலி 2007-இல் விரித்துக் காட்டினார். எல்லாவற்றையும் செய்துவிட்டு, வென்றது வதைதான் என்று படை பேசிற்று. அந்தப் பேச்சைப் படமும் ஓரளவு நம்பிவிட்டது. 2003 ஆகஸ்டில், ஈராக்கைப் பிடித்த கையோடு, அமெரிக்கப் போர்த்துறைத் தலைமையகம் இந்தப் படத்தைத் தன் அதிகாரிகளுக்குத் திரையிட்டது. வதைக்கு எதிராக எடுத்த படம், வதைப்போர் பார்த்துக் கற்கும் படமாகவும் ஆக முடிந்தது எதனால்? அந்தக் குறையினால்தான்.

அல்ஜியர்சுப் போரை முன்னின்று நடத்திய தளபதி மஸ்ஸுவே, முதுமையிலே, 2000-ஆம் ஆண்டிலே, வதை இன்றியமையாதது அன்று என்று சொல்லிவிட்டார். வெற்றி வெற்றி என்றார்களே, என்ன வெற்றி? 1957-இல் நகரைப் பிடித்தார்கள். 1958 மே மாதத்திலே அதே படை தன் நாட்டின் நான்காம் குடியரசையே கவிழ்க்கக் காரணமாயிற்று. 1961-இல் தளபதிகள் சிலர் அரசை எதிர்த்தே கிளர்ந்தார்கள். 1962-இல் நாடே கைவிட்டுப் போயிற்று. சட்டம் இல்லாத அறை ஒன்றைத் திறந்து வைத்தவன், அந்த அறையின் வாசல் தன் வீட்டுக் கூடத்திலேயும் திறக்கும் என்பதை மறந்துவிட்டான்.

உண்மையாகவே குண்டு இருந்த நாள்

"சரி, உண்மையிலேயே ஒரு குண்டு இருந்தால்?" என்று மாணவன் கேட்பான். இருந்தது. 1956 நவம்பர் 14.

அல்ஜியர்சு எரிவாயு நிலையத்திலே கடைசல் வேலை பார்த்த பெர்னான் இவ்தோன் என்ற தொழிலாளி, அங்கே ஒரு குண்டு வைத்தான். எல்லோரும் வீட்டுக்குப் போன பின் வெடிக்கும்படி நேரம் குறித்து, ஆள் புழங்காத இடத்திலே வைத்தான். கண்டுபிடித்து எடுத்துவிட்டனர், ஓருயிரும் போகவில்லை. ஆனால், இரண்டாவது குண்டு ஒன்று உண்டு என்ற ஐயம் எழுந்தது. எரிவாயுக் கலங்கள் வெடித்தால் ஆயிரக்கணக்கானோர் மாள்வர். அப்படியே நம் மாணவனின் கேள்வி!

காவல்துறைப் பொறுப்பிலே அப்போது இருந்தவர் போல் தெய்ட்ஜென். நாசிகளின் அறைகளிலே தாமே வதைபட்டவர்; தாஹௌ முகாமிலே கிடந்து மீண்டவர். வதைக்க இசைவு கேட்டனர். கூடாது என்றார். அன்று பிற்பகல் முழுவதும் தாம் நடுங்கிக்கொண்டிருந்ததாகப் பின்னாளிலே வரலாற்றாசிரியர் ஒருவரிடம் சொன்னார். குண்டு வெடிக்கவில்லை. இரண்டாவது குண்டு அந்த நிலையத்திலே இல்லவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு நீதிக்கதையாக்கி மேடையிலே சொல்லிவிடலாம். முடியவில்லை. அந்த நல்லவர் "கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்த வேளையிலேயே, கீழே காவல் நிலையத்திலே இவ்தோனை வதைத்துக்கொண்டிருந்தார்கள்! பத்தே நாளில் படைமன்றம் அவனை விசாரித்துச் சாவுத் தண்டனை விதித்தது. 1957 பிப்ரவரி 11-ஆம் நாள் அவன் தலையைத் துண்டித்தார்கள். யாரையும் கொல்லாத குண்டுக்குக் கொடுத்த விலை அது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று. மேலே இருப்பவன் "கூடவே கூடாது" என்று சொல்லியும் கீழே நடந்தது. "இந்த ஒரு முறை மட்டும்" என்று சொல்லியிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும்? நாம் ஊகிக்க வேண்டியதில்லை. சில வாரங்களில் நகரின் காவல் அதிகாரம் வான்குடைப் படையிடம் போயிற்று. பிடித்துச் சென்றவரிலே திரும்பாதவர் 3,024 பேர் என்று கணக்கெழுதி வைத்தார் தெய்ட்ஜென். 1957-இலேயே பதவியை உதறி எறிந்தார்.

கடினமான இடம்

வாதத்திலே வெல்வதற்காக, வதையால் உண்மை வரவே வராது என்று நாம் சொல்லப் போவதில்லை. சிலவேளை வரும். 2002-இல் செருமனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரிலே சிறுவன் ஒருவனைக் கடத்தியவன் பிடிபட்டான். சிறுவன் எங்கோ உயிரோடு அடைபட்டிருக்கிறான் என்று நம்பிய காவல்துறைத் துணைத்தலைவர், தாங்க முடியாத வலி தரப்படும் என்று அவனை அச்சுறுத்தச் செய்தார். உடனே இடத்தைச் சொல்லிவிட்டான். போய்ப் பார்த்தால் சிறுவன் முன்னமே கொல்லப்பட்டிருந்தான். 2004-இல் வழக்குமன்றம் அந்த அதிகாரியைக் குற்றவாளி என்றது; தண்டனையை மட்டும் எச்சரிக்கையாகக் குறைத்தது.

உயிரோடு இருந்திருந்தால்? கேட்கிறோம் நம்மையே. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து "கூடாது" என்று சொல்ல நம் நா எழுமா? எளிதாக எழாது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த மன்றம் காட்டிய வழியை எண்ணிப் பாருங்கள். இரக்கம் என்பது தீர்ப்பின்போது காட்டுவது. சட்டத்திலே எழுதி வைப்பது அன்று. மனம் பொறாமல் வரம்பு மீறியவன், மீறினேன் என்று கூண்டிலே ஏறி நிற்கட்டும். கூண்டு இருக்கும்வரை ஒருவன் நூறு முறை எண்ணுவான். இசைவுச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டால், எண்ணுவதை நிறுத்திவிடுவான்.

பொய் வந்த கதையும் உண்டு. 2001 இறுதியிலே பிடிபட்ட இப்னு அல்ஷேக் அல்லிபி என்பவரை அமெரிக்கா எகிப்துக்கு அனுப்பிற்று. அங்கே வதை. ஈராக் நாடு அல்கெய்தாவினருக்கு நச்சுப்படைக்கலப் பயிற்சி தந்தது என்று சொன்னார் அவர். 2003 பிப்ரவரியிலே அமெரிக்க அயலுறவுச் செயலர் காலின் பவல், உலக நாடுகள் மன்றத்திலே இதையும் சான்றாக எடுத்து வைத்தார். மறுமாதம் போர். பின்னாளிலே, வலி தாங்காமல் புனைந்தேன் என்று தம் சொல்லை விலக்கிக்கொண்டார் அல்லிபி. ஆயிரம் உயிரைக் காப்பதற்கு வதை என்கிறீர்களே, வதை ஈன்ற ஒரு பொய் எத்தனை ஆயிரம் உயிரைக் குடித்த போருக்குத் துணைபோயிற்று என்பதை எந்தக் கணக்கிலே எழுதுவீர்கள்?

நம் கையிலே இருந்த கிட்டி

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று இருந்துவிடுவதற்கில்லை. 1855-இல், அன்றைய சென்னை மாகாணத்திலே நடந்த வதைகளை ஆராய்ந்த ஆணையம் ஒன்று தன் அறிக்கையை வெளியிட்டது. விரல்களை நெரிக்கும் கிட்டி. கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் குனியக் கட்டிப் போடும் அண்ணாந்தாள். இவை தமிழ்ப்பெயர் தாங்கியபடியே ஆங்கில அறிக்கையிலே ஏறின. எதற்காக இந்த வதை? ஊரைக் காக்கவா? நிலவரி தண்டுவதற்கும், காவலர் வாக்குமூலம் வாங்குவதற்கும்! காவலரிடம் தந்த வாக்குமூலம் சான்றாகாது என்று 1872-ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் எழுதியது. 2023-ஆம் ஆண்டுப் புதுச் சட்டமும் அதை விடவில்லை. அடித்து வாங்கிய சொல் செல்லாது என்று அயலவன் ஆட்சிச் சட்டமே ஒப்புக்கொண்டது.

ஆயினும் 2020 ஜூனில், சாத்தான்குளத்திலே, காவல்நிலையம் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் மீது சொல்லப்பட்ட குற்றம், ஊரடங்கின்போது கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்பது. காவலர் மீது கொலை வழக்குப் பாய்ந்தது. அங்கே எந்தக் குண்டு இருந்தது?

நம்மையும் விட்டுவிடக் கூடாது. நாம் பள்ளி ஆசிரியர். ஓராண்டுக்கு முன், வகுப்பிலே ஒரு பிள்ளை கொண்டுவந்த சுற்றுலாப் பணம் காணாமற் போயிற்று. ஏழைப் பிள்ளை ஒருவன் மீது ஐயம். பிரம்பை நாம் எடுக்கவில்லை, சட்டம் தடுத்திருக்கிறது. வெயிலிலே நிற்க வைத்தோம். "உண்மையைச் சொன்னால் உள்ளே வரலாம்" என்றோம். அரைமணி நேரம் கழித்து, "நான்தான் எடுத்தேன் சார்" என்றான். வென்றுவிட்டோம் என்று எண்ணினோம்! மறுநாள், பணத்துக்குரிய பிள்ளையின் நோட்டு அட்டைக்குள்ளேயே பணம் இருந்தது. எடுக்காததை எடுத்தேன் என்று ஏன் சொன்னாய் என்று கேட்டோம். "நீங்க அதைத்தானே சார் கேட்டீங்க" என்றான்.

பெக்காரியா சொன்னதை நாம் பெக்காரியாவிடம் கற்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் கற்றோம். வலி, உண்மையைக் கேட்பதில்லை. கேட்பவன் மனத்திலே முன்னமே இருக்கும் விடையைத்தான் கேட்கிறது.

மாணவனுக்கு விடை

ஆகவே, தம்பி, அன்று நீ கேட்டதற்கு இன்று சொல்கிறோம்.

எண்ணிப் பார்ப்பதே பகுத்தறிவு என்றாய். எண்ணு, முழுக்க எண்ணு. குண்டு வைத்தவன் வலிக்கு அஞ்சவில்லை. ஆனால் அவனுக்கு ஐந்து வயது மகள் இருக்கிறாள், அவளை அவன் கண்முன்னே துடிக்க வைத்தால் சொல்லிவிடுவான் என்று வைத்துக்கொள். ஆயிரம் உயிர் ஒருபுறம், ஒரு குழந்தையின் வலி மறுபுறம். உன் கணக்குப்படி அதையும் செய்யலாம். செய்வாயா? "ஐயோ" என்கிறாய் அல்லவா? அப்படியானால், எண்ணிக்கைக்கு எட்டாத ஏதோ ஒன்று மனிதனிடம் உண்டு என்பதை நீயே ஒப்புக்கொண்டுவிட்டாய். "குழந்தை குற்றமற்றவள், அவனோ குற்றவாளி" என்பாய். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னவர் யார்? வதைக்கிற அறையிலே நீதிபதி இல்லை, வழக்கறிஞர் இல்லை, சான்று இல்லை. ஐயம் ஒன்றுதான் இருக்கிறது. ஒதானும் ஐயத்தின் பேரிலேதான் உள்ளே போனார்.

பகுத்தறிவு என்பது கூட்டல் கழித்தல் மட்டும் அன்று. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று அதிகாரத்தைப் பார்த்துக் கேட்பதே அதன் உயிர். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல மாட்டாதவன்தான் மற்றக் கேள்வியைக் கையில் எடுக்கிறான்.

வதையைத் தடுக்கும் உலக உடன்படிக்கையிலே இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. அதை ஏற்றுச் செயற்படுத்த 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சட்ட முன்வரைவு, மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியாயிற்று. அலெக்கின் நூலைப் படியுங்கள். அந்தப் படத்தை, அதன் குறையையும் தெரிந்துகொண்டு, இன்னொரு முறை பாருங்கள். பிறகு, உங்கள் ஊர்க் காவல்நிலையத்தின் வாசலிலே, பிடிக்கப்பட்டவருக்கு உள்ள உரிமைகளை எழுதிய பலகை தொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். தொங்கவில்லையானால், ஏன் என்று கேளுங்கள். அது நம் கேள்வியாக இருக்கட்டும்.